சுக்குவின் முட்டிவலி

காலை ஆறு பத்துக்கு ராயப்பன் கட்டிலிலிருந்து காலைக் கீழே ஊன்றினார். வலது முழங்காலில் சுரீரென்று ஒரு குத்து. பல்லைக் கடித்துக்கொண்டு, முட்டியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "ஐயோ பாவம், சுக்குவுக்கு இன்னைக்கும் வலிக்கி" என்றார்.

அலையூரில் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வயதான நாயோ குதிரையோ வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் அங்கே இப்படித்தான் கண்விழிப்பார்கள். ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, நாய்க்கு எலும்பு போட்டதற்காகத் தன்னையே திட்டிக்கொள்வார். இன்னொருவர் கடைவாசலில் நின்றபடியே இடுப்பை நெளித்து, "எங்க குதிரை எங்கயோ போய் உரசிக்கிட்டு நிக்கி" என்று வீட்டைப் பார்த்து ஓடுவார். பக்கத்தில் நிற்பவர்கள் வழிவிடுவார்கள். அவ்வளவுதான்.

அலையூர் என்பது தூத்துக்குடிக்குக் கிழக்கே, கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் நாற்பது அடுக்கு ஊர். பழைய கரையைக் கடல் கொண்டுபோன பிறகு கட்டியது. அந்த ஊரில் வாயில்லா உயிர்கள் சட்டம் என்று ஒன்று இருந்தது. ரொம்பக் கறாரான சட்டம். நாய்க்கு ஒன்பது வயதும் குதிரைக்குப் பதினெட்டு வயதும் ஆகிவிட்டால், வளர்க்கிறவர் காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒரு வலியிணை பதித்துக்கொள்ள வேண்டும். அதன் ஜோடி விதை பிராணியின் காதுக்குப் பின்னால் இருக்கும். பிராணிக்கு எங்கே வலிக்கிறதோ அதே இடத்தில் வளர்க்கிறவருக்கும் வலிக்கும். முழுவலி இல்லை, பாதிதான். பாதியே போதுமானதாக இருந்தது. சட்டம் வந்த முதல் வருஷத்திலேயே ஊரிலிருந்த கிழட்டு நாய்களுக்கெல்லாம் பல் சுத்தமாயிற்று, கிழட்டுக் குதிரைகளுக்கெல்லாம் லாடம் புதிதாயிற்று. அதுவரை "வயசாயிட்டுது, அப்படித்தான் இருக்கும்" என்று தள்ளிக்கொண்டு போனவர்கள்தான் எல்லாரும்.

வலியிணை பதித்துக்கொண்டவர்களுக்கு ஒரு மாதம் வகுப்பு உண்டு. அங்கே சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்றைத்தான்: எங்கே வலித்தாலும் முதலில் உன் பிராணியை நினை. வகுப்பறைச் சுவரில், அடுக்குக்கு அடுக்கு ஆளேற்றும் தூக்கிகளின் கதவில், தண்ணீர்க் குழாய்க்கு மேலே என்று கண்ட இடத்திலெல்லாம் அதை எழுதி வைத்திருந்தார்கள். ராயப்பனுக்குச் சொல்லியே தரவேண்டாம். அறுபத்தொரு வயதில் ஒரு தலைவலி மாத்திரைகூட விழுங்காத மனுஷன் அவர். அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிவார். அப்படிப்பட்ட உடம்பில் முட்டி வலித்தால் அது நாயுடைய முட்டியாகத்தானே இருக்க வேண்டும்?

"காலை வணக்கம்" என்றது சுவர். அலையூரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சுவர் பேசும். "சுக்குவுக்கு இன்றைய வலி எத்தனை?"

"ரெண்டு" என்றார் ராயப்பன், முட்டியை விடாமல்.

"பதிவாயிற்று. உங்களுக்கு வாசிக்கப்படாத அறிவிப்புகள் முப்பத்தெட்டு."

"பொறவு பாக்கலாம்."

"இன்று பத்தரை மணிக்குச் சுக்குவுக்கு அரையாண்டுச் சோதனை. மூன்றாம் அடுக்கு, விலங்கு நலமனை."

 ராயப்பன் சொன்ன அந்த இரண்டு பச்சைப் பொய். வலி ஏழு. நாற்பது நாளாக ஏழு.

சட்டத்துக்கு இன்னொரு பக்கமும் இருந்ததை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு பிராணிக்கு முப்பது நாள் விடாமல் தினமும் வலி ஐந்தைத் தாண்டினால், தீர்க்கவும் வழியில்லை என்றால், அமைதி ஆணை பிறக்கும். ஊசி போட்டு உறங்கவைத்துவிடுவார்கள். எல்லாம் இரக்கத்தின் பேரில்தான். ஆனால் அந்த இரக்கத்துக்கு முப்பது நாளுக்கு மேல் காத்திருக்கப் பொறுமை கிடையாது. சுவரிடம் பொய் சொல்லலாம். நாயின் காதுக்குப் பின்னாலிருக்கும் விதையோ எல்லாவற்றையும் தனக்குள் எழுதிவைத்திருக்கும். அரையாண்டுச் சோதனையில் டாக்டர் அதைத்தான் முதலில் வாசிப்பார்.

சுக்கு அறை மூலையில் எழுந்து நின்று உடம்பை நீட்டி முறித்தது. சிப்பிப்பாறை நாய். பதிமூன்று வயது. ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாக, காய்ந்த சுக்கு நிறத்தில் இருக்கும். மூக்கைச் சுற்றி மட்டும் இப்போது நரை. ராயப்பன் கட்டிலில் உட்கார்ந்திருந்தவரை அது நன்றாகத்தான் நின்றது. வாலை ஆட்டியது. ஜன்னல் கம்பியில் ஒரு கடற்காகம் வந்து உட்கார, ஒரே பாய்ச்சலில் போய் அதை விரட்டிவிட்டுத் திரும்பி வந்தது.

"நல்லாத்தான துள்ளுது" என்றாள் அடுப்பருகில் நின்ற செசிலி. ராயப்பனின் மனைவி. சட்டப்படி ஒரு பிராணிக்கு ஒரு வலியிணைதான் என்பதால் அவளுக்கு நாயின் வலி தெரியாது. கண்ணுக்குத் தெரிவதை மட்டுந்தான் பேசுவாள்.

"உனக்கென்ன தெரியும்? வலிய மறைச்சுக்கிட்டுத் துள்ளுது. நம்ம மனசு சங்கடப்படக் கூடாதுன்னு பாக்கி." ராயப்பன் எழுந்து நின்றார். சுரீர். சுக்கு உடனே வலது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியது. "பாத்தியா? பாத்தியா? இப்ப என்ன சொல்லுத?"

செசிலி நாயைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சட்டியைக் கிளறினாள்.

இந்த ஆறு மாதமாக ராயப்பன் நாய்க்குச் செய்யாத பக்குவம் இல்லை. வீட்டுக்குள் இருந்த ஒற்றைப் படியை இடித்துச் சரிவு கட்டினார். தன் பஞ்சு மெத்தையைச் சுக்குவுக்குக் கொடுத்துவிட்டு வெறும் கட்டில் பலகையில் படுத்தார். மூன்று வேளையும் எண்ணெய் காய்ச்சி அதன் காலில் தேய்த்தார். தரையில் குத்தவைத்து அரைமணி நேரம் தேய்த்துவிட்டு எழுந்தால் முட்டி இன்னும் உயிர்போகும். "தேச்சா வலி வெளிய வருது போல" என்று நினைத்துக்கொள்வார்.

உச்சம் என்னவென்றால் படிக்கட்டு. ராயப்பனுக்கு உப்பகற்றி ஆலையில் வேலை. கடல்நீரைக் குடிநீராக்கும் அந்த ஆலையின் உச்சித் தொட்டிக்குத் தூக்கி கிடையாது. இருநூற்றுப் பன்னிரண்டு படி ஏறித்தான் வால்வுகளைப் பார்க்க வேண்டும். சுக்கு அவரை விட்டு இருக்காது, கூடவே ஏறும். ஏறும்போது வலி ஒன்பதைத் தொட்டது. நாய் படியேறினால் வலிக்காமல் என்ன செய்யும் என்று, பதினெட்டுக் கிலோ நாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறத் தொடங்கினார். தோளில் கிடக்கும்போதும் அது முனகிக்கொண்டேதான் வந்தது. வலியும் குறைந்தபாடில்லை, கூடிக்கொண்டேதான் போயிற்று. தூக்கிக்கொண்டு போயும் இப்படி வலிக்கிறதே, நோய் முற்றிவிட்டதே என்று உச்சித் தொட்டியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். தொட்டிக்குள் மீன் இருந்தால் அதற்குக்கூட விஷயம் புரிந்திருக்கும். அவருக்குப் புரியவில்லை.

பத்து மணிக்கு மூவரும் தூக்கியில் இறங்கினார்கள். முப்பத்தோராம் அடுக்கு தாண்டும்போது ராயப்பன் சொன்னார்: "செசிலி, ரெண்டுன்னு சொன்னதெல்லாம் பொய்."

"என்னது?"

"ஏழு. நாப்பது நாளா ஏழு. டாக்டரம்மா இன்னைக்கு வாசிச்சிருவாவ."

செசிலியின் முகம் செத்துப்போயிற்று. சுக்குவின் கழுத்துப்பட்டையைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அழுவ."

"இப்ப மட்டும் என்ன செய்யுதேனாம்?" என்றாள் அழுதுகொண்டே. சுக்கு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. 

நலமனையின் காத்திருக்கும் கூடத்தில் ஒரு குதிரை நின்றுகொண்டிருந்தது. வெள்ளைக் குதிரை, இருபத்தாறு வயது, பெயர் ஜமீன். உச்சி அடுக்குத் தோட்டத்தில் பிள்ளைகளைச் சுமந்து நடந்துவிட்டு ஓய்வுபெற்றது. அதற்குக் குளம்பில் வீக்கம். அதனால் அதை வளர்க்கும் கோமதி, நாலு விரல் கனத்தில் பஞ்சு வைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு, நெருப்பில் நடப்பதுபோல் நடந்து வந்து ராயப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு எங்கண்ணே?"

"முட்டி. உங்களுக்கு?"

"பாதம். எனக்குன்னு ஒரு வலி இருந்ததெல்லாம் எந்தக் காலத்துலன்னே மறந்துபோச்சு. கல்யாணத்தப்ப ஒரு தடவ காது வலிச்சது." கோமதி சிரித்தாள். பிறகு சுக்குவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "எத்தனை நாளு?"

ராயப்பன் குனிந்து சுக்குவின் காதைத் தடவினார். கோமதி பையிலிருந்து ஒரு கேரட்டை எடுத்துப் பாதியை ஜமீனுக்கும் பாதியைச் சுக்குவுக்கும் நீட்டினாள். சுக்கு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

டாக்டர் நூர் ஜமீலா காயல்பட்டினத்துக்காரர். மெலிந்த உருவம், பெரிய கண்ணாடி. சுக்குவின் காதருகே ஒரு கோலைப் பிடித்தார். கோல் இரண்டு முறை கூவியது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஐயா, நீங்க தினமும் ரெண்டுன்னு சொல்லியிருக்கீங்க. விதை ஏழுன்னு சொல்லுது. இன்னையோட நாப்பத்தோரு நாள்."

"தெரியும்மா."

"சட்டம் தெரியுமா?"

"தெரியும்மா. பொய் சொன்னது நானு. என்னையத் தூக்கி உள்ள போடுங்க, எத்தனை வருசம்னாலும் இருக்கேன். அத ஒண்ணும் செஞ்சிராதீங்க." ராயப்பன் கைகூப்பிவிட்டார். வால்வுச் சக்கரம் சுற்றிச் சுற்றிக் காய்ப்பேறிய கைகள். டாக்டர் அவசரமாக அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"இருங்க. முதல்ல காலைப் பார்ப்போம்."

செவிலி வந்தது. நலமனையின் உதவி இயந்திரம் அது. மெத்து மெத்தென்ற நாலு கை, ஒரே குரல். "சமர்த்து, சமர்த்து. அசையக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே சுக்குவைத் தூக்கி ஊடுநோக்கியில் படுக்கவைத்தது. சுவரில் சுக்குவின் எலும்பெல்லாம் வெளிச்சமாக வந்து நின்றது. செசிலி பார்க்கமாட்டேன் என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். ராயப்பன் நாயின் பக்கத்திலேயே நின்றார்.

டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார். பின்னால் வந்து பார்த்தார்.

"பதிமூணு வயசு நாய்க்கு இப்படி ஒரு முட்டியை நான் பார்த்ததே இல்ல."

"அவ்வளவு மோசமாம்மா?"

"மோசமா? அஞ்சு வயசு நாய் முட்டி மாதிரி இருக்கு. இடுப்பு சுத்தம், இதயம் சுத்தம். ஆனா மூளையில வலி தெரியிற இடம் மட்டும் எரிஞ்சுகிட்டு இருக்கு. கால்ல ஒண்ணுமே இல்லாம எதுக்கு வலிக்குது?"

ராயப்பன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அப்போதுதான் செசிலி, திரும்பி நின்றபடியே, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "அது அவரு எந்திரிச்சாத்தான் நொண்டும் டாக்டரம்மா. அவரு உக்காந்துட்டா காக்கா விரட்டப் போயிரும். நானும் ஆறு மாசமாச் சொல்லுதேன். எனக்கு என்ன தெரியும்னு கேக்காவ."

டாக்டரின் கண்ணாடி மெதுவாக ராயப்பன் பக்கம் திரும்பியது. ஒரு சின்னப் பெட்டியை எடுத்து எதையோ அழுத்தினார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த ராயப்பனுக்கு அது என்னவென்று தெரியவில்லை. சுக்கு மேசையிலிருந்து குதித்து இறங்கி, வாலை ஆட்டிக்கொண்டு கூடத்துப் பக்கம் போய் ஜமீனின் காலை மோந்தது. டாக்டர் கொஞ்ச நேரம் எதையெதையோ எழுதிக்கொண்டிருந்துவிட்டு, "ஐயா, எழுந்து கதவுவரைக்கும் போயிட்டு வாங்க" என்றார்.

ராயப்பன் போனார். வந்தார். வரும்போது மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"வலிச்சுதா?"

"ஆமாம்மா. பாவம், அது அங்க நின்னு எப்படித் தாங்குதோ."

"அது அங்க விளையாடிட்டு இருக்கு, பாருங்க. உங்க வலியிணையை நான் நிறுத்தி அஞ்சு நிமிஷம் ஆச்சு."

ராயப்பன் நாயைப் பார்த்தார். நாலு காலையும் ஊன்றி ஓடிக்கொண்டிருந்தது. தன் முட்டியைப் பார்த்தார். வேட்டியை விலக்கி, முதன்முதலாக, அதை ஒரு முட்டியாகப் பார்த்தார். தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"அப்போ இது என்னுதா?"

"உங்களோடதுதான்."

"சுக்குவுக்கு ஒண்ணும் இல்லையா?"

"ஒரு குறையும் இல்ல."

ராயப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்காரும்போதும் வலித்தது, வலிக்கட்டுமே! "மாதாவே! எனக்குத்தானா! எனக்குத்தானா!" என்று சொல்லிச் சொல்லி அழுதார், சிரித்தார். சுக்கு ஓடிவந்து அவர் முகத்தை நக்கியது. நாற்பது நாள் நெஞ்சில் கிடந்த கல் உருண்டு போய்விட்டது. செசிலியும் பக்கத்தில் உட்கார்ந்து நாயைக் கட்டிக்கொண்டாள். கூடத்திலிருந்து எட்டிப்பார்த்த கோமதி, என்ன ஏது என்று தெரியாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு நிமிஷம் போயிருக்கும். ராயப்பன் மேசையைப் பிடித்து எழுந்தார். வேட்டியைக் கட்டிக்கொண்டார். "அப்பாடா. நல்ல வார்த்தை சொன்னீங்க டாக்டரம்மா, புள்ளகுட்டியோட நல்லாருப்பீங்க. செசிலி, எந்திரி. போவோம்."

"எங்க போறீங்க?"

"வீட்டுக்கு."

"முட்டி?"

"முட்டிதானம்மா. கிடக்கட்டும். தைலம் தேச்சாத் தானாப் போயிரும்."

டாக்டர் ஜமீலா இருபது வருஷமாக இந்த ஊரில் வைத்தியம் பார்க்கிறவர். நாய்க்கு இருமல் என்றால் வேலைநேரத்தில் ஓடிவருகிறவர்கள் தங்கள் இருமலுக்கு எந்தப் பக்கமும் திரும்பமாட்டார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்க. நாய்க்குக் கால்ல ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னேன். வலி இல்லன்னு சொல்லல. ஆறு மாசமா அது எதுக்கு நொண்டிச்சு? விதையில ஏழு எப்படி வந்துச்சு?"

ராயப்பன் விழித்தார்.

"உங்களுக்கு வாசிக்காத அறிவிப்பு எத்தனை கிடக்கு?"

"ஒரு... முப்பத்தெட்டு."

டாக்டர் அவற்றைச் சுவரில் வரவழைத்தார். பதினோராவது அறிவிப்பு, ஏழு மாதத்துக்கு முந்தையது, சிவப்பு எழுத்தில் இருந்தது. பழைய வகை வலியிணைகளில் கசிவு ஏற்படுவதாகவும், பிராணியின் வலி வளர்ப்பவருக்கு வருவதுபோல வளர்ப்பவரின் வலியும் பிராணிக்குப் போய்ச் சேரக்கூடும் என்றும், உடனே வந்து பார்க்கும்படியும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்க முட்டிவலி அதுக்குப் போயிருக்கு" என்றார் டாக்டர். "தன்னோட கால்தான் வலிக்குதுன்னு அது நம்பி நொண்டியிருக்கு. நீங்க அதோட வலின்னு நம்பலையா, அந்த மாதிரி."

 இருநூற்றுப் பன்னிரண்டு படி. ஒவ்வொரு படிக்கும் தோளில் கிடந்த நாய் முனகியது ராயப்பன் காதில் கேட்டது. அதைச் சுமந்துகொண்டுதான் அதை வலிக்கவைத்திருக்கிறார். "நான் ஒரு மடையன்" என்றார். யாரும் மறுக்கவில்லை.

"இந்த விதைய எடுத்துருங்கம்மா. என் வலி எங்கிட்டயே இருக்கட்டும்."

"எடுத்தா ஜோடியா ரெண்டையும்தான் எடுக்கணும். பதிமூணு வயசு நாய்க்கு மயக்க மருந்து கொடுக்க எனக்குத் தைரியம் இல்ல. நான் இப்ப நிறுத்தியிருக்கறதும் கொஞ்ச நேரந்தான் நிக்கும். ஒரே வழிதான் இருக்கு. உங்க முட்டி சரியாகணும்."

"அதுக்கு என்ன செய்யணும்? எப்ப ஆரம்பிக்கணும்? இப்பவே ஆரம்பிங்க!" ராயப்பன் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் தைலம் போதும் என்ற அதே மனுஷன்.

மனிதர் ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்த்தார்கள். ஐந்து மாதம் கழித்துப் பங்குனியில் ஒரு வியாழக்கிழமை வரச்சொன்னார்கள். ராயப்பன் தலையில் கைவைத்தார். டாக்டர் மட்டும் பதறவில்லை. வாயில்லா உயிர்கள் சட்டத்தை அவர் கரைத்துக் குடித்தவர். பிராணியின் வலிக்குக் காரணம் எங்கே இருந்தாலும் அன்றைக்கே வைத்தியம் பார்க்க வேண்டும் என்று அதில் இருந்தது. எங்கே இருந்தாலும் என்றுதான் எழுதியிருந்தார்களே தவிர, பிராணியின் உடம்புக்குள் இருந்தால் என்று எழுதவில்லை. சீட்டில் எழுதினார்:

நோயாளி: சுக்கு. நாய். வயது 13. வலிக்குமிடம்: வளர்ப்பவரின் வலது முழங்கால்.

மனிதன் படுக்கிற நீளத்துக்கு விலங்கு நலமனையில் ஒரே ஒரு ஊடுநோக்கிதான் இருந்தது. குதிரையுடையது. ஜமீனின் முறைதான் அடுத்து. "போட்டும்ணே, அவன் நிப்பான்" என்று கோமதி விட்டுக்கொடுத்தாள். செவிலி ராயப்பனை நாலு கையாலும் தூக்கிப் படுக்கவைத்து, வாரைப் போட்டுக் கட்டியது. ஜமீன் கழுத்தை நீட்டித் தன் இடத்தில் படுத்திருக்கிறவரை ஒருமாதிரியாகப் பார்த்தது.

குருத்தெலும்பு தேய்ந்து காகிதமாகியிருந்தது. அதை மறுபடி நெய்கிற மருந்து குதிரைக்கும் மனிதனுக்கும் ஒன்றுதான், அளவுதான் வேறு என்றார் டாக்டர். ஊசி இறங்கும்போது ராயப்பன் "ஐயையோ" என்று கத்தினார்.

"சமர்த்து, சமர்த்து. அசையக்கூடாது" என்று செவிலி அவர் தலையைத் தடவிக்கொடுத்தது. முடிந்ததும் வழக்கம்போல வாய்க்கு நேரே ஒரு கேரட்டை நீட்டியது. ராயப்பன் மறுபேச்சில்லாமல் வாங்கிக் கடித்தார்.

"எட்டு வருசம்" என்றாள் செசிலி, பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு. "படி ஏறாதீய, டாக்டரப் பாருங்கன்னு எட்டு வருசமாக் கரடியாக் கத்துனேன். கேட்டீயளா? நாய் நொண்டுனதும் கேக்கீய." பிறகு டாக்டரிடம் திரும்பினாள். "டாக்டரம்மா, எனக்கும் இவருக்கும் ஒரு ஜோடி விதை போட்டுவிடுங்களேன்."

"சட்டத்துல இடமில்லம்மா. வாயில்லா உயிர்களுக்கு மட்டுந்தான்."

"இவருக்கு மட்டும் வாய் இருக்காக்கும்? வலிக்குன்னு ஒரு நாளு தொறந்ததில்ல."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மருந்துச்சீட்டை எழுதிக் கிழித்துக் கொடுத்தார். தினம் மூன்று வேளை, வேளைக்கு இருபது தடவை காலை நீட்டி மடக்க வேண்டும். மூன்று மாதத்துக்குப் படி ஏறக் கூடாது. ராயப்பன் அதை இரண்டு முறை வாசித்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

ஒன்றரை மாதம் ஆயிற்று. இதற்குள் ராயப்பன் ஒரு வேளை பயிற்சியையும் தவறவிடவில்லை. சோம்பலாக இருக்கும் நாட்களில் சுக்கு நொண்டியதை நினைத்துக்கொள்வார்; கால் தானாக நீளும். உப்பகற்றி ஆலையில் கேட்டு வேலையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக்கொண்டுவிட்டார். முப்பது வருஷமாகக் கேட்கக் கூச்சப்பட்ட விஷயம். "நாய்க்கு ஆவாது" என்றதும் மேலாளர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அன்று காலை ஆறு பத்துக்கு அவர் காலைக் கீழே ஊன்றினார். ஒன்றும் குத்தவில்லை.

"சுக்குவுக்கு இன்றைய வலி எத்தனை?" என்றது சுவர்.

"ஒண்ணு" என்றார். நிஜமாகவே ஒன்றுதான்.

"பதிவாயிற்று. உங்களுக்கு வாசிக்கப்படாத அறிவிப்புகள் நாற்பத்தாறு."

"பொறவு பாக்கலாம்."

சுக்கு ஜன்னலுக்கும் கதவுக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பில் செசிலி நெத்திலி வறுத்தாள். வறுத்ததைத் தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு, கீழே விழுந்த கரண்டிக்காகக் குனிந்தவள் "ஸ்ஸ்" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாதியிலேயே நின்றாள். மெதுவாக நிமிர்ந்தாள்.

ராயப்பன் காலை நீட்டுவதை நிறுத்தினார். இந்த "ஸ்ஸ்" புதிதல்ல. யோசித்துப் பார்த்தால் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம்தான்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"இடுப்பா?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். தானாப் போயிரும்."

ராயப்பனுக்கு இந்த வார்த்தையை எங்கோ கேட்டதுபோல் இருந்தது. கொஞ்சம் யோசித்தார். சுக்கு ஓட்டத்தை நிறுத்திவிட்டுச் செசிலிக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, தலையைத் தூக்கி, கண்ணிமைக்காமல் அவளைப் பார்த்தது. கண் இரண்டும் ஈரமாக மின்னின.

"செசிலி, டாக்டரம்மாகிட்ட போயிட்டு வருவோம்."

"நாய் டாக்டர்ட்ட எனக்கு என்ன சோலி? வேலை தலைக்கு மேல கிடக்கு."

"உனக்காக இல்ல. சுக்குவப் பாரு. நீ ஸ்ஸ்னு சொன்னதுல இருந்து எப்படிப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு பாரு. அதுக்கு மனசு வலிக்கி. சட்டப்படி அதுவும் வலிதான்."

செசிலி குனிந்து பார்த்தாள். பதிமூன்று வயது நரைத்த மூக்கும் ஈரக் கண்ணுமாக அது அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஐயோ பாவம்" என்றாள் அவள். தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு செருப்பைத் தேடினாள். "எத்தனை நாளா அதுக்கு இப்படி?"

சுக்கு பார்த்துக்கொண்டிருந்தது நெத்திலியைத்தான். தட்டு கீழே வந்ததுமே அதில் வாயை வைத்துவிட்டது. ராயப்பன் அதைப் பார்த்தார்.  எழுந்துபோய் அவளுக்கும் தட்டுக்கும் நடுவில் மறைத்து நின்றுகொண்டார்.